வானம் அளந்த இசைவாணர்

இளமையிற் கற்ற தொழிலையே முதுமைகாறும் செய்து அதனால் வரும் ஊதியங்கொண்டு காலங் கழிப்பது உலகத்தார் இயல்பு. நாற்பது ஆண்டு நிரம்பிய ஒருவர், நன்கு பயின்று பெயரும் பொருளும் ஈட்டிய தொழிலைக் கைவிட்டு, முன்னர் ஒருவரிடத்தும் முறையாகக் கல்லாத மற்றொரு துறையிற் புகுவாராயின், சுற்றத்தார் அஞ்சுவர், நண்பர் நகைப்பர். அங்ஙனம் புகுந்து, தாம் புகுந்த துறையையே புதுக்கி அமைத்த பெரியார் ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவர் பெயர் வில்லியம் ஹெர்ஷல் என்பது.

ஹெர்ஷல் பிறப்பால் ஆங்கிலேயர் அல்லர். ஜெர்மனி நாட்டு ஹானோவர் நகரில் 1738-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ஈசாக்கு, படைவீரரின் இசைக்குழுவில் ஓபோ என்னும் துளைக்கருவி இசைப்பவர். பெரிய குடும்பம், சிறிய வருவாய். பிறந்த மக்கள் பதின்மருள் அறுவரே பிழைத்து வளர்ந்தனர். செல்வத்தை வழங்க இயலாத அத்தந்தையார் தாம் அறிந்த இசையை மக்கட்கு வழங்கினார். மாலையில் அவ்வீட்டிற் பிடிலோசையும் குழலோசையும் எழும். அவை ஓய்ந்தபின் தத்துவமும் கணிதமும் வானநூலும் பற்றிய வாதங்கள் நள்ளிரவு வரை நிகழும். வில்லியம் தம் பதினான்காம் வயதில் தந்தையாருடன் அதே இசைக்குழுவிற் சேர்ந்தார்.

அக்காலத்தில் ஹானோவருக்கும் இங்கிலாந்துக்கும் அரசர் ஒருவரே. ஏழாண்டுப் போர் மூண்டபோது பிரெஞ்சுப் படை ஹானோவரின்மேல் வந்தது. 1757-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஹாஸ்டன்பெக் என்னுமிடத்தில் ஹானோவர்ப் படை தோற்றது. இசைக்குழுவினரும் மழையிலும் சேற்றிலும் கிடந்து பெரிதும் வருந்தினர். மகனது உடல்நிலை கண்டு இரங்கிய தந்தையார், அவரையும் மூத்த மகன் யாக்கோபையும் இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். வில்லியத்திற்கு 1762-இல் முறையான விடுதலைச் சீட்டும் கிடைத்தது. ஆதலின், அவர் படையினின்றும் ஓடிப்போனவர் என்றும், பின்னர் அரசர் அக்குற்றத்தைப் பொறுத்தருளினார் என்றும் பிற்காலத்தார் சிலர் எழுதியது பொருந்தாது.

இலண்டன் மாநகரில் இசைவாணர் பலர் இருந்தமையின் பத்தொன்பது வயதுடைய அயலாருக்கு அங்கு இடமில்லை. பிறருடைய இசைச் சுவடிகளைப் படியெடுத்துக் கொடுத்து வயிறு வளர்த்தார். பின்னர் வடநாடு சென்று, டர்ஹம் நகரத்துப் படைக்குழுவிற்கு இசை பயிற்றினார். லீட்ஸ் முதலிய ஊர்களிற் கச்சேரிகள் நடத்தினார். குதிரைமேல் ஊர் ஊராகச் சென்று மாணாக்கருக்குப் பாடம் சொல்லியும், இரவில் இசைநூல் இயற்றியும் ஆண்டுகள் பல கழித்தார். அவர் இயற்றிய சிம்பொனிகள் மட்டும் இருபத்து நான்கு.

1766-ஆம் ஆண்டில் ஹாலிபாக்ஸ் நகரத்துத் திருக்கோயிலில் ஆர்கன் வாசிப்போர் வேலை ஒன்று ஏற்பட்டது. போட்டியாளர் பலர் வந்திருந்தனர். ஹெர்ஷல் வாசித்தபோது இரு கைகளால் எழக்கூடிய ஒலியினும் மிக்கதொரு முழக்கம் எழுந்ததாம். வினவியபோது, சட்டைப் பையினின்றும் இரண்டு ஈயக்கட்டிகளை எடுத்துக் காட்டி, அவற்றை இரு கட்டைகளின்மேல் வைத்து நிலைச்சுருதி எழுப்பியதை ஒளியாது உரைத்தாராம். இக்கதை முற்றும் மெய்யோ அன்றோ, வேலை அவருக்கே கிடைத்தது மெய். ஆயினும் அவ்வாண்டு முடியுமுன்பே பாத் என்னும் நகரினின்றும் அதனினும் சிறந்த அழைப்பு வந்தது. பாத், வெந்நீர் ஊற்றுக்களுக்குப் பெயர்பெற்ற ஊர். செல்வர் கூடும் இடம். அங்கே எண்கோணக் கோயிலில் ஆர்கன் வாசிப்பவராக ஹெர்ஷல் அமர்ந்தார். கச்சேரிகள் பெருகின. செல்வர் வீட்டு மகளிர் அவரிடம் இசை பயில விரும்பினர். ஒரு வாரத்தில் முப்பத்தைந்துக்குக் குறையாத பாடங்கள் சொல்லும் நிலை வந்தது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 400 பவுன் வருவாய் கிடைத்தது. ஓர் இசைவாணர் விரும்பத்தக்கன யாவும் அவர்க்கு வாய்த்தன எனலாம்.

இனி, அவர் வாழ்க்கையை மாற்றியது ஒரு நூல். இசையின் இலக்கணத்தைக் கணித முறையால் விளக்கும் நூலொன்றை ராபர்ட் ஸ்மித் என்னும் அறிஞர் இயற்றியிருந்தார். அதனைக் கற்ற ஹெர்ஷல், அவ்வாசிரியரே ஒளியின் இயல்பு பற்றியும் ஒரு பெருநூல் எழுதியுள்ளார் என்றறிந்து அதனையும் தேடிக் கற்றார். அதனுள் தொலைநோக்கி செய்யும் வகை கூறப்பட்டிருந்தது. 1773-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜேம்ஸ் பெர்கூசன் எழுதிய வானநூலையும் விலைக்கு வாங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. பகல் முழுவதும் பாடஞ் சொல்லிக் களைத்து வந்தவர், படுக்கையிற் சாய்ந்தபடியே இந்நூல்களைப் பயின்று உறங்கிப்போவார். நூலிற் கூறியதை நூலளவில் ஏற்று அமைவது அவர் இயல்பன்று. பிறர் கண்டதாகச் சொல்லும் வானத்தைத் தம் கண்ணாற் காண விழைந்தார்.

முதலில் ஒரு சிறு தொலைநோக்கியை வாடகைக்குப் பெற்றார். அது போதவில்லை. பெரிய கருவியின் விலையைக் கேட்டபோது அது தம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது எனக் கண்டார். ஆகவே தாமே செய்வதெனத் துணிந்தார். பாத் நகரில் ஆடி தேய்க்கும் தொழிலைப் பொழுதுபோக்காகச் செய்திருந்த ஒருவர் தம் கருவிகளை விற்கக் கண்டு அவற்றை வாங்கினார். செய்முறையையும் அவரிடமே சிறிது கேட்டறிந்தார்.

அக்காலத்துப் பெருந்தொலைநோக்கிகளில் ஒளியைத் திரட்டுவது கண்ணாடி அன்று, உலோக ஆடி. செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கிக் கலந்து வட்டமாக வார்த்து, அதன் முகத்தைக் குழிவாகத் தேய்த்து மெருகிட வேண்டும். குழிவின் வடிவம் ஒரு மயிரிழையினும் எத்துணையோ பங்கு குறைவாகப் பிழைத்தாலும் விண்மீன் புள்ளியாகத் தோன்றாது. மங்கிய கறையாகத் தோன்றும். கலவையில் ஈயம் மிகுந்தால் ஆடி உடையும். செம்பு மிகுந்தால் விரைவிற் கறுக்கும். மெருகிடும்போது இடையிற் கையெடுத்தல் கூடாது. ஒருமுறை பதினாறு மணி நேரம் கையெடாது ஹெர்ஷல் தேய்த்தார் என்பர். உண்ணவும் கை ஒழியாமையின், உடன்பிறந்த தங்கை உணவைச் சிறு துண்டுகளாக்கி அவர் வாயில் இட்டாள். களைப்புத் தோன்றாதிருக்க அரபுக் கதைகளையும் பிற கதைகளையும் படித்துக் காட்டினாள்.

அத்தங்கையைப் பற்றி ஈண்டுக் கூறுதல் வேண்டும். இவ்வரலாற்றில் ஒருவர் தாமே விரும்பித் தொழில் மாறினார், மற்றொருவர் மாற்றப்பட்டார். கரோலின் 1750-இல் பிறந்தவள். குழந்தைப் பருவத்தில் அம்மை நோய் முகத்தில் தழும்பு செய்தது. பத்தாம் வயதில் வந்த கொடிய காய்ச்சல் வளர்ச்சியைத் தடுத்தது. அதனால் அவள் உயரம் நாலேகால் அடிக்கு மேற் செல்லவில்லை. கல்வியாலேயே தன் ஆண்மக்கள் வீட்டை விட்டுப் போயினர் என்று கருதிய தாய், மகளையேனும் அக்கேட்டினின்றும் காக்க எண்ணி, தைத்தலும் பின்னுதலும் சமைத்தலும் அன்றி வேறொன்றும் கற்கவிடவில்லை. தாய் இல்லாத வேளையில் தந்தையார் சிறிது பிடில் கற்பித்தார்; குளிர்ந்த இரவொன்றில் தெருவுக்கு அழைத்துச் சென்று விண்மீன்களைக் காட்டினார். தந்தையார் இறந்தபின் அவள் அவ்வீட்டில் ஊதியம் பெறாத பணிப்பெண்ணாகவே இருந்தாள். வில்லியம் 1772-இல் ஹானோவர் சென்று, தாய்க்கு வேறொரு பணிப்பெண் வைத்துக்கொள்ளப் பணம் தருவதாக ஒப்பித் தங்கையைத் தம்முடன் அழைத்துவந்தார். ஒரு மகளின் விடுதலை அவ்வாறு விலைகொடுத்துப் பெறப்பட்டது.

பாத் நகரில் அவர் அவளுக்கு ஆங்கிலமும் கணக்கும் வாய்ப்பாட்டும் கற்பித்தார். அவளுக்குக் குரல்வளம் இயற்கையில் அமைந்திருந்தது. 1778-இல் ஹாண்டல் இயற்றிய மெசையா என்னும் இசைநாடகத்தில் முதன்மைப் பாடகியாகத் தோன்றிப் பாராட்டுப் பெற்றாள். அதன் பயனாகப் பர்மிங்ஹாம் நகர இசைவிழாவிற் பாட அழைப்பும் வந்தது. தமையனார் நடத்தும் கச்சேரியில் அன்றி வேறெங்கும் பாடுவதில்லை என்று அவள் மறுத்துவிட்டாள். அவ்வழைப்பை ஏற்றிருந்தால் அவள் தனித்ததொரு பாடகியாய்த் தன் ஊதியத்தில் வாழ்ந்திருத்தல் கூடும். ஆனால் தமையனாரோ நாளுக்குநாள் இசையைவிட்டு வானத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்தார். பாட்டுப் பயிலவேண்டிய நேரத்தில் அவள் ஆடிகளுக்கு வேண்டிய பணியைச் செய்யலானாள். அச்சு செய்வதற்குக் குதிரைச் சாணமே தக்கது எனக் கண்டமையின், அதனைக் கூடை கூடையாகக் கொணர்ந்து, உரலில் இடித்து, சல்லடையிற் சலித்துத் தருவது அவள் வேலையாயிற்று. வீடு முழுவதும் தொழிற்சாலை ஆயிற்று. விருந்தினரை வரவேற்கும் கூடத்தில் தச்சன் குழாய் செய்தான். படுக்கையறையில் மற்றொரு தமையன் அலெக்ஸாந்தர் கடைசல் பொறி ஓட்டினான். கச்சேரிக்கு அணியும் சரிகைக் கைம்மடிப்புக்களோடு ஓடிவந்து கீலில் கைவைத்து அவற்றை ஹெர்ஷல் கெடுத்த நாட்கள் பல. நாடகக் கொட்டகையில் இடைவேளை கிடைத்தால் வெளியே வந்து வானத்தைப் பார்த்துவிட்டு மீள்வார்.

1774-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், தாம் செய்த ஐந்தரை அடித் தொலைநோக்கியால் சனியின் வளையத்தையும் மிருகசீரிட மண்டலத்திலுள்ள ஒளிமுகிலையும் கண்டு குறிப்பெழுதினார். மேன்மேலும் ஆடிகள் செய்தார், நூற்றுக்கணக்கிற் செய்தார், அவற்றுட் பெரும்பாலன தவறின. ஒருநாள் இரவு வீட்டுமுன் தெருவில் கருவியை நிறுத்தித் திங்களை நோக்கிக்கொண்டிருந்தபோது, அவ்வழியே வந்த வாட்சன் என்னும் மருத்துவ அறிஞர் தாமும் பார்க்க விரும்பினார். பார்த்தவர் வியந்தார். மறுநாளே வந்து நட்புக் கொண்டு, ஊரிலிருந்த அறிஞர் கழகத்தில் ஹெர்ஷலைச் சேர்த்தார். அதுவரை தனியே உழைத்தவருக்குக் கேட்பாரும் வினவுவாரும் கிடைத்தனர்.

1781-ஆம் ஆண்டு மார்ச்சு 13-ஆம் நாள் இரவு பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையே, பாத் நகரின் நியூ கிங் தெருவில் உள்ள தம் வீட்டுத் தோட்டத்தில், ஏழடித் தொலைநோக்கியால் இடபத்துக்கும் மிதுனத்துக்கும் நடுவணுள்ள விண்மீன்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்துகொண்டிருந்தார். அவற்றுள் ஒன்று ஏனையவற்றினும் பருத்துத் தோன்றியது. விண்மீன்கள் மிகத் தொலைவில் உள்ளன. ஆதலின் பெருக்கும் ஆற்றலை எத்துணை மிகுத்தாலும் அவை புள்ளிகளாகவே தோன்றும். இதுவோ, 227 மடங்கு பெருக்கிய கண்ணாடியை நீக்கி 460 மடங்கும் 932 மடங்கும் பெருக்குவன மாட்டியபோது அதற்கேற்பப் பெரிதாயிற்று. நான்கு நாள் கழித்து மீண்டும் நோக்கினார். அஃது இடம் பெயர்ந்திருந்தது. வால்மீன் என்றே ஹெர்ஷல் கருதி, அவ்வாறே இலண்டன் அரச கழகத்துக்கு எழுதி அனுப்பினார்.

அவர் வால்மீன் என்றதில் வியப்பில்லை. புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி என்னும் ஐந்து கோள்களையே பண்டைக்காலந் தொட்டு எல்லா நாட்டு மக்களும் அறிவர். நம் சங்கப் புலவர் மைம்மீன் எனப் பாடிய சனியே வானத்தின் எல்லைக்காவலாய் நின்றது. அதற்கப்பால் ஒரு கோள் இருக்கலாம் என்று எவரும் தேடவில்லை. அரச வானநூலார் மாஸ்கலைன், இது கோளாகவும் இருக்கலாம் என்று முதலில் ஐயுற்றார். ருஷியாவில் இருந்த லெக்ஸல் என்னும் கணிதர் அதன் பாதையைக் கணக்கிட்டு, அது வட்டத்தோடு ஒத்தது என்றும் சனியினும் ஏறத்தாழ இருமடங்கு தொலைவில் உள்ளது என்றும் காட்டினார். வால்மீன்களின் பாதை அவ்வாறிராது. ஆகவே அது கோளே எனத் துணியப்பட்டது. ஞாயிற்று மண்டலத்தின் அகலம் ஒரே ஆண்டில் இருமடங்காயிற்று. ஹெர்ஷல் அதற்கு மூன்றாம் ஜார்ஜ் அரசரின் பெயரை இட்டார். பிறநாட்டார் அதனை விரும்பவில்லை. போடே என்னும் ஜெர்மானியர் கூறிய யுரேனஸ் என்ற பெயரே பின்னர் நிலைத்தது.

அவ்வாண்டு நவம்பரில் அரச கழகத்தார் கோப்லே பதக்கம் அளித்து, அடுத்த திங்களில் உறுப்பினராகவும் ஏற்றனர். புகழ் வந்தமையால் உழைப்பு எளிதாகிவிடவில்லை. அவ்வாண்டின் ஆகஸ்டுத் திங்களில்தான் மூன்றடி அகலமுள்ள ஆடியை வீட்டு நிலவறையில் வார்க்க முயன்றார். உருகிய உலோகம் உலையின் அடிவழியே ஒழுகித் தரையில் ஆறாகப் பாய்ந்தது. தளக்கற்கள் வெடித்துக் கூரை வரை சிதறின. ஹெர்ஷலும் அலெக்ஸாந்தரும் பணியாளரும் உயிர்தப்பி ஓடினர். வெம்மையாலும் களைப்பாலும் சோர்ந்த ஹெர்ஷல் ஒரு செங்கற் குவியலின்மேல் வீழ்ந்தார்.

மறு ஆண்டு அரசர் அவரைத் தம் அரண்மனைக்கு அழைத்தார். ஹெர்ஷல் தம் ஏழடிக் கருவியுடன் சென்றார். கிரீனிச்சில் உள்ள அரசாங்க வானிலையத்துக் கருவிகளோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்தனர். இசைவாணர் கையாற் செய்த கருவியே சிறந்தது எனக் கண்டனர். அரசர் அவருக்கு ஆண்டுக்கு 200 பவுன் அளிப்பதாகவும், அரண்மனைக்கு அண்மையில் வாழ்ந்து வேண்டும்போது அரச குடும்பத்தாருக்கு வானத்தைக் காட்டவேண்டும் எனவும் கூறினார்.

ஹெர்ஷலுக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. இசையால் வந்த வருவாயில் இது பாதியே. இசையை விட்டால், பதினாறு ஆண்டு உழைத்துத் தேடிய மாணாக்கரும் செல்வாக்கும் மீளக் கிடையா. அன்றியும் இத்துணிவு தம் ஒருவரை மட்டும் பற்றியதன்று. தங்கையின் பாடகி வாழ்வும் அன்றோடு முடியும். அவளிடம் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. இவை யாவும் ஒருபுறம் இருக்க, பகலெல்லாம் பிறர் மக்களுக்குச் சுருதி சொல்லி, இரவில் எஞ்சிய நேரத்தை மட்டும் வானத்துக்குத் தருவதை இனித் தாங்க இயலாது என்று அவருக்குத் தோன்றியது. அரசர் இவ்வளவு பெரிய புலமையை இவ்வளவு சிறிய விலைக்குக் கொண்டாரே என்று வாட்சன் மனம் வருந்தினார். ஹெர்ஷல் வருந்தவில்லை. 1782-ஆம் ஆண்டு மே மாதத் திருநாளொன்றில் பாத் நகரத்துக் கோயிலில் அண்ணனும் தங்கையும் கடைசி முறையாக இசை நடத்தினர். ஆகஸ்டில் விண்ட்ஸர் அரண்மனைக்கு அருகே உள்ள டாட்செட் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர்.

அவ்வீடு பாழ்வீடு. மழை ஒழுகும், தேம்ஸ் ஆற்றின் ஈரம் நீங்காது. பாத் நகரின் விளக்கொளியிலும் கைதட்டலிலும் பழகிய கரோலின், அங்கே உறைபனி மூடிய புல்வெளியில் இரவெல்லாம் நின்றாள். இருபதடித் தொலைநோக்கியின் வாயருகே உயர்ந்த மேடையில் ஹெர்ஷல் நின்று, கண்டவற்றை உரக்கக் கூறுவார். கரோலின் கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொன்றையும் எழுதுவாள். மைக்கூட்டில் மை உறைந்துபோன இரவுகளும் உண்டு. 1783-ஆம் ஆண்டின் கடைசி நாளிரவில் உருகும் பனியில் வழுக்கி விழுந்த கரோலினுடைய தொடையில் கருவியின் இரும்புக் கொக்கி ஏறிற்று. தூக்கி எடுத்தபோது தசை கொக்கியில் தங்கியது. அவ்விரவின் பிற்பகுதியில் முகில் மூடிவிட்டமையின் தமையனாரின் பணிக்கு இழப்பொன்றும் நேரவில்லை என்று எண்ணி அவள் ஆறுதலடைந்தாள்.

பொருள் முடையும் இருந்தது. ஹெர்ஷல் தொலைநோக்கிகள் செய்து விற்றார். ஸ்பெயின் நாட்டரசர் ஒரு கருவிக்கு 3,150 பவுன் கொடுத்தார். அந்நேரத்தையும் வானத்துக்கே செலவிட்டிருந்தால் இன்னும் எத்துணை கண்டிருப்பாரோ! 1786-இல் ஸ்லவ் என்னும் ஊருக்குச் சென்றபின், அரசர் அளித்த 4,000 பவுன் கொண்டு நாற்பதடித் தொலைநோக்கி ஒன்றை நிறுவினார். அதன் ஆடி நான்கடி அகலம். குழாயினுள் மனிதர் நிமிர்ந்து நடக்கலாம். ஆடி வைப்பதற்கு முன் அரசரே விருந்தினரோடு அதனுள் நடந்து சென்றார். மெருகிடும் ஆட்கள் பலர் ஆதலின், ஏவுதற்கு எளிதாக அவர்தம் சட்டைகளில் எண் இட்டிருந்தனர். 1789-இல் அது முற்றுப்பெற்றது. அவ்வாண்டிலேயே சனியின் துணைக்கோள்கள் இரண்டு காணப்பெற்றன. ஆயினும் அப்பெருங்கருவி எதிர்பார்த்த அளவு பயன்படவில்லை. அசைத்தற்கு ஆட்கள் பலர் வேண்டும். ஆடி விரைவிற் கறுக்கும். இங்கிலாந்து வானமோ முகிலுக்குப் பெயர்போனது. காண வந்தோர் வியந்தது நாற்பதடிக் கருவியை. ஹெர்ஷல் பெரும்பணி செய்தது இருபதடிக் கருவியால்.

அப்பணியின் அளவைச் சில எண்களால் அறியலாம். ஒளிமுகில்களும் விண்மீன் திரள்களுமாக நூற்றுக்குச் சற்று மிக்கவற்றையே மெசியே என்னும் பிரெஞ்சுக்காரர் தொகுத்திருந்தார். ஹெர்ஷலும் கரோலினும் இருபதாண்டு உழைத்து 2,500-ஐத் தொகுத்தனர். ஞாயிறு தன் கோள்களோடு ஒரு திசை நோக்கி நகர்கின்றது என்பதை 1783-இல் ஹெர்ஷல் காட்டினார். இரட்டை விண்மீன்கள் சில ஒன்றையொன்று சுற்றுகின்றன என்பதை இருபத்தைந்து ஆண்டு இடைவெளியில் எடுத்த அளவுகளை ஒப்பிட்டு நிறுவினார். நியூட்டன் கண்ட ஈர்ப்பு விதி ஞாயிற்று மண்டலத்துக்கு அப்பாலும் செல்லும் என்பதற்கு அது சான்றாயிற்று. 1800-இல், முப்பட்டகத்தால் ஞாயிற்றின் ஒளியைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்தின்மேலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தோன்றாத இடத்தில் வெப்பம் மிகுந்தது. அகச்சிவப்புக் கதிர்கள் இங்ஙனம் வெளிப்பட்டன. அவர் கூறியன யாவும் பொருந்தின என்பதற்கில்லை. ஞாயிற்றின் ஒளிமுகிலுக்கு உள்ளே குளிர்ந்த நிலமும் உயிர்களும் உண்டென்று அவர் உறுதியாக நம்பினார்.

ஹெர்ஷல் 1788-இல், மேரி பிட் என்னும் கைம்பெண்ணை மணந்தார். கரோலின் அதுவரை நடத்திய வீட்டை விட்டு அயலிடத்தில் தங்கித் தமையனாரின் பணிக்கு மட்டும் வரலானாள். மணத்துக்குப் பிந்திய பத்தாண்டுக் குறிப்புக்களை அவள் பின்னாளில் எரித்துவிட்டாள். அவற்றில் என்ன இருந்தது என்பதை அறிவார் இலர். எனினும் அண்ணியாரிடத்தும், 1792-இல் பிறந்த மருமகன் ஜானிடத்தும் அவள் பேரன்பு கொண்டாள் என்பதற்குக் கடிதங்கள் உண்டு. வானமும் அவளுக்கு உரியதாகிவிட்டது. 1786 முதல் 1797 வரை தன் சிறு கருவியால் எட்டு வால்மீன்களைக் கண்டாள். 1787-இல் அரசர் அவளுக்கு ஆண்டுக்கு 50 பவுன் சம்பளம் அளித்தார். இங்கிலாந்தில் அறிவியற் பணிக்கு அரசூதியம் பெற்ற முதற் பெண் அவளே. தன் முப்பத்தேழாம் வயதில் தனக்கென்று பெற்ற முதற் பணம் அது. வேண்டியபடி செலவிடலாம் என்னும் மகிழ்ச்சி அவளுக்கு அன்றுதான் கிடைத்தது.

1792-இல் இசைமேதை ஹைடன் இங்கிலாந்து வந்திருந்தபோது ஸ்லவ் சென்று நாற்பதடித் தொலைநோக்கியைப் பார்த்தார். சிம்பொனி இயற்றுவதில் ஐரோப்பாவின் தலைவராக விளங்கியவர், இருபத்து நான்கு சிம்பொனிகளை இயற்றிவிட்டு அத்துறையைத் துறந்தவரைக் காண வந்தார்.  கருவியின் நீளத்தை ஹைடன் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

1816-இல் ஹெர்ஷல் வீரப்பட்டம் பெற்றார். புதிதாகத் தோன்றிய வானநூற் கழகத்துக்கு 1821-இல் முதல் தலைவரானார். 1822-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் தம் எண்பத்து மூன்றாம் வயதில் ஸ்லவ் நகரிற் காலமானார். அவர் கண்ட கோள் ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர எண்பத்து நான்கு ஆண்டுகள் கொள்ளும். பாத் நகரில் அவர் வாழ்ந்த வீடு இன்று அவருடைய பொருட்காட்சிச் சாலையாக விளங்குகின்றது.

தமையனார் மறைந்ததும், இங்கிலாந்தில் தனக்கு இனி ஒன்றுமில்லை என்று எண்ணிய கரோலின் ஹானோவர் திரும்பினாள். ஐம்பது ஆண்டுகட்கு முன் விட்டுவந்த ஊர் அவளுக்கு அயலூராகவே இருந்தது; வந்தது தவறென விரைவில் உணர்ந்தாள். உயர்ந்த வீடுகள் நெருங்கியிருந்தமையின் அங்கே வானமும் தெரியவில்லை. ஆகவே பகலில் அமர்ந்து, அந்த 2,500 ஒளிமுகில்களையும் ஜானுக்குப் பயன்படுமாறு வரிசைப்படுத்தித் திருத்தி எழுதினாள். அதற்காக வானநூற் கழகத்தார் 1828-இல் பொற்பதக்கம் அளித்தனர். ஜான் தென்னாப்பிரிக்கா சென்று தென்வானத்தையும் தந்தையார் முறையிலேயே ஆராய்ந்து மீண்டதை அவள் கேட்டாள். யுரேனஸ் தன் பாதையிற் சிறிது பிறழ்வது கண்டு கணக்கிட்ட அறிஞர், அதற்கும் அப்பாலுள்ள நெப்டியூன் கோளை 1846-இல் கண்டபோதும் அவள் உயிரோடிருந்தாள்.

1848-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள், தொண்ணூற்றேழு வயது நிரம்பிய கரோலின் உலகு நீத்தாள். அவள் விருப்பப்படி இரண்டு பொருள்களைப் பேழையில் உடன்வைத்துப் புதைத்தனர். ஒன்று தமையனாரின் தலைமயிர்ச் சுருள். மற்றொன்று, எழுத்து மங்கிப்போன பழைய பஞ்சாங்கம். அது, குளிர்ந்த இரவொன்றில் ஹானோவர்த் தெருவில் அவளுக்கு விண்மீன்களைக் காட்டிய தந்தையார் கைக்கொண்டிருந்தது.